கடைசியாகப் போகிறவர்

மின்சார பில்லை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டுதான் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். மலேசியாவில் சிகாமட்டுக்கு வெளியே, பிளாஸ்டிக் டப்பாக்கள் செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. அதன் அலுவலகத்தில் நான் இருபது வருடத்துக்கு மேலாகக் கிராணி, அதாவது குமாஸ்தா. விடுமுறைக் கடிதம், பிறந்தநாள் கேக், யாராவது இறந்துவிட்டால் மலர்வளையம் என்று, யார் செய்வது என்று தெரியாத வேலையெல்லாம் கடைசியில் என் மேசைக்குத்தான் வரும். அன்று வந்தது ஒரு சுலோகம்.

தலைமையகத்தில் மின்சாரச் சிக்கனப் பிரச்சாரம் ஆரம்பித்திருக்கிறார்களாம். ஒவ்வொரு கிளையும் ஆங்கிலத்தில் ஒரு சுலோகம் அனுப்பவேண்டும். ஆறு வார்த்தைக்கு மேல் போகக்கூடாது. எது நன்றாக இருக்கிறதோ அந்தக் கிளையைப் பார்க்கப் பெரியவர்கள் நேரில் வருவார்கள். மேலாளர் மெதுவாகப் பேசும் சீனர், கெட்டவர் அல்ல. ஆங்கிலமும் மலாயும் கலந்து, "கேச்சியா இருக்கணும் லா" என்ற அர்த்தத்தில் மூன்று தரம் சொன்னார். கேச்சி என்றால் எப்படி என்று கேட்டேன். கேட்டவுடன் மனதில் ஒட்டிக்கொள்ளவேண்டும் என்றார்.

என்னைப் பிடித்ததற்குக் காரணம், எனக்கு ஆங்கிலம் வரும் என்று இந்தத் தொழிற்சாலையில் ஒரு நம்பிக்கை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு, மலாயில் ஐந்தாம் படிவம்வரை, அதாவது பள்ளிப் படிப்பை, முடித்தவள் நான். கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருடம் ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, தினமும் சிங்கப்பூருக்குப் போய் வேலை செய்தேன். விடியுமுன் எழுந்து பாலத்தில் பஸ்ஸுக்கு நின்று பழகிய ஆங்கிலம் அது. 'சாரி', 'நோ ஸ்டாக்', 'கியூ ஹியர் பிளீஸ்' எல்லாம் சுத்தமாக வரும். மனதில் ஒட்டுகிற வாக்கியம் எழுத அந்த ஆங்கிலம் போதுமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஐம்பது வயதுக்குமேல், தெரியாது என்று சொல்லி அதை விளக்குவதைவிட, தலையாட்டிவிட்டு வந்து திண்டாடுவது குறைந்த வேலையாகத் தோன்றுகிறது.

திண்டாடினேன். சாஆ என்கிற சிற்றூரில் என் வீடு. காலையில் நாற்பது நிமிடம், மாலையில் நாற்பது நிமிடம், இரண்டு பக்கமும் செம்பனை மரங்களைத் தவிர வேறொன்றும் இல்லாத சாலையில் காரோட்டிக்கொண்டே சுலோகம் யோசித்தேன். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகளிடம் கேட்டேன். அவள் கைப்பேசியில் எதையோ தட்டி ஒரே நிமிடத்தில் இருபது சுலோகம் அனுப்பிவிட்டாள். எல்லாவற்றிலும் பூமி இருந்தது, எதிர்காலம் இருந்தது, பச்சை நிறம் இருந்தது. அவற்றில் நல்லதாக நாலைப் பொறுக்கி மேலாளரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, இதெல்லாம் மற்ற கிளைக்காரர்களும் அனுப்பியிருப்பார்கள் என்றார். அவர் சொன்னது சரி. மற்ற கிளையிலும் என்னைப்போல ஒரு கிராணி, அவளுக்கும் ஒரு மகள் இருப்பாளே.

இரண்டு வாரம் இப்படிப் போனது. சாம்பாருக்குப் பருப்பு வேகப்போட்டுவிட்டு மனதுக்குள் 'சேவ்', 'பவர்', 'டுடே' என்று அடுக்கிக்கொண்டிருப்பேன். பருப்பு அடிப்பிடித்துவிடும். வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போவார். அவரிடம் அது ஒரு நல்ல குணம்.

எங்கள் அலுவலகத்தைச் சுத்தம் செய்ய ஓர் அக்கா வருவார். அறுபதை நெருங்கியவர். தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் அடுக்கு வீட்டில் தனியாக இருக்கிறார். ஒரு முழங்கால் சரியாக மடங்காது, அதனால் நடந்து வரக்கூடிய இந்த வேலை அவருக்குப் பெரிய விஷயம். அவர் எங்கள் கம்பெனி ஆள் அல்ல. துப்புரவு ஏஜென்சி ஒன்று அனுப்பி வைத்திருக்கும் ஆள். அந்த ஏஜென்சியில் ஒரு வழக்கம்: இரண்டு தரம் புகார் வந்தால் ஆளை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். அக்காமேல் ஏற்கெனவே ஒரு புகார் இருந்தது. கூட்ட அறையைப் பெருக்கிவிட்டு, முழங்கால் வலி தாங்காமல் ஒரு நாற்காலியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருக்கிறார். யாரோ படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். ஏஜென்சியின் சூப்பர்வைசர் வந்து, இன்னொன்று வந்தால் மூவாருக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனான். மூவாருக்கு அவர் எப்படிப் போவார்? இரண்டு பஸ் மாறவேண்டும். போ என்று சொல்வதும் வேலையை விட்டு நிறுத்துவதும் அவருக்கு ஒன்றுதான்.

அதற்கப்புறம் அக்கா மாறிப்போனார். முன்பெல்லாம் தனக்குத் தோன்றியதைச் செய்வார். வாடிய பூச்செடியை வெளியே எடுத்து வைப்பார், என் மேசையின் இழுப்பு லாச்சியில் எறும்பு வந்தால் மஞ்சள் தூவி வைப்பார். புகாருக்குப் பின் எதற்கும் கேட்டார். "இந்தப் பேப்பர வீசலாமாம்மா?" "இந்த சன்னல சாத்தலாமாம்மா?" ஒரு நாளைக்குப் பத்து தரம். பொறுமையாகத்தான் பதில் சொன்னேன், பெரும்பாலும்.

ஒருநாள் மாலை எல்லோரும் போன பிறகு நான் சுலோகத்தோடு மாரடித்துக்கொண்டிருந்தேன். அக்கா துடைப்பக்கட்டையோடு ஒவ்வொரு அறையாகப் போய், பெருக்கி முடித்து, விளக்கையும் ஏர்கோனையும் அடைத்துக்கொண்டே என் பக்கம் வந்தார். இங்கே விளக்கை அணைப்பது என்று யாரும் பேச்சில் சொல்வதில்லை, அடைப்பது என்றுதான் சொல்வோம். அவர் வர வர வராந்தா பின்னால் இருட்டாகிக்கொண்டே வந்தது. கடைசியில் என் தலைக்குமேல் ஒரு விளக்குதான் மிச்சம்.

"நீங்க போனதும் இத அடைச்சிட்டு நானும் கிளம்பணும்மா" என்றார்.

அப்போதுதான் தோன்றியது. 'லாஸ்ட் ஒன் அவுட், லைட்ஸ் அவுட்.' கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைக்கவேண்டும். பெரிய கவிதை ஒன்றும் இல்லை, உலகத்தில் எங்கேயோ யாரோ முன்பே எழுதியும் இருப்பார்கள். ஆனால் வாயில் நன்றாக உருண்டது. மறுநாள் மேலாளர் இரண்டு தரம் சத்தமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, மேசையைத் தட்டினார். கேச்சி என்றார். அக்காவைப் பார்த்துத்தான் எழுதினேன் என்று அக்காவிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். அந்த வாரம் சம்பள வேலை இருந்தது. மறந்துபோனேன்.

தலைமையகத்துக்கும் பிடித்துவிட்டது. சீனப் புத்தாண்டுப் பெருநாள் முடிந்ததும் பெரியவர்கள் வருவதாகச் செய்தி வந்தது. மேலாளர் உடனே ஸ்டிக்கர் அடிக்கச் சொன்னார். பச்சையில் வெள்ளை எழுத்து, ஓரத்தில் ஒரு விளக்கு. எல்லா சுவிட்சுக்கும் ஒட்டு, ஒன்றையும் விடாதே, வருகிறவர்கள் எங்கே திரும்பினாலும் கண்ணில் படவேண்டும் என்றார். பெருநாள் விடுமுறைக்கு இரண்டு நாள் இருந்தபோது ஸ்டிக்கர் சுருள் சுருளாக வந்து இறங்கியது. ஒட்டும் வேலையும் யாருடையது என்று சொல்லவேண்டுமா?

அலுவலகம், வராந்தா, ஸ்டோர், கழிப்பறை என்று ஒட்டிக்கொண்டே போனேன். பின்தாளை உரித்து உரித்துக் கட்டைவிரல் நகம் எரிந்தது. கடைசியாகக் கெண்டின். அதை நடத்துபவர் ஒரு பாய். அவருடைய தாத்தா நாகூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். பாயின் மீன்கறிக்காகவே பக்கத்துத் தொழிற்சாலைக்காரர்களும் எங்கள் கெண்டினுக்கு வருவார்கள். மூலையில் பெட்டிபோல நீளமான பெரிய ஐஸ்பெட்டி ஒன்று வைத்திருக்கிறார். கோழியும் மீனும் அதில்தான் இருக்கும். அதன் சுவிட்ச் சுவரில், பெட்டிக்குப் பின்னால் இருந்தது. கையில் இன்னும் நாலைந்து ஸ்டிக்கர் மிச்சம். எட்டி அதிலும் ஒன்றை ஒட்டினேன்.

அது ஐஸ்பெட்டியின் சுவிட்ச் என்று தெரிந்துதான் ஒட்டினேன். ஐஸ்பெட்டியை எவனாவது அடைப்பானா என்று ஒரு நொடி நினைத்தேன். சுருள் முடிந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று அடுத்த நொடி நினைத்தேன்.

வெளியே வரும்போது அக்கா எதிரே வந்தார். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. "இதுல என்னாம்மா எழுதியிருக்கு?" என்றார்.

"கடைசியா போறவங்க இத அடைச்சிட்டுப் போகணும்னு எழுதியிருக்குக்கா. நீங்கதானே கடைசியா போறீங்க."

"இது ஒட்டியிருக்கிற எல்லாத்தையுமா?"

"ஆமாக்கா, எல்லாந்தான்."

"கெண்டின்லயும் ஒட்டியிருக்கீங்களே?"

"எங்கெல்லாம் ஒட்டியிருக்கோ அங்கெல்லாம்" என்றேன். நடந்துகொண்டேதான் சொன்னேன். கார்ச் சாவியைக் கையில் எடுத்துவிட்டிருந்தேன்.

மற்ற நாட்களில் அதனால் ஒரு தொந்தரவும் வந்திருக்காது. இரவு ஷிப்ட் இருப்பதால் கெண்டின் பூட்டப்படுவதே இல்லை, அக்காவுக்கு அங்கே கடைசி ஆளாக இருக்கும் வேலையும் இல்லை. வருடத்தில் சீனப் பெருநாளுக்கு மட்டும்தான் தொழிற்சாலை முழுவதும் மூடும். அந்த வருடம் நாலு நாள். பெருநாளுக்குச் சந்தை மூடிவிடும் என்று பாய் கோழியும் மீனும் முன்கூட்டியே வாங்கி ஐஸ்பெட்டியை நிரப்பி வைத்துவிட்டு, காலையிலேயே கிளம்பிவிட்டார். நாங்கள் மத்தியானம் கிளம்பினோம். அக்கா மட்டும் இருந்து எல்லாவற்றையும் பெருக்கித் துடைத்துவிட்டுப் போகவேண்டும்.

பாதி வழியில் என் கைப்பேசி அடித்தது. அக்காவின் எண். லீவு கேட்க வசதியாக இருக்கட்டும் என்று நான்தான் அவரிடம் என் எண்ணைக் கொடுத்து வைத்திருந்தேன். காரோட்டிக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. வாளியை எங்கே வைப்பது என்று கேட்பார், சன்னலைச் சாத்தலாமா என்று கேட்பார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தபின்னும் திருப்பிக் கூப்பிடவில்லை. நாலு நாள் லீவு, முதல் வேலையாகத் தூங்கினேன்.

திரும்பி வந்த காலையில், கார் நிறுத்துமிடத்திலேயே நாற்றம் மூக்கைப் பிடுங்கியது. கெண்டின் கதவுக்கு வெளியே பாய் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே தரையெல்லாம் சிவப்புத் தண்ணீர். ஐஸ்பெட்டி மூடியைத் திறந்த ஒரு பையன் வாந்தி எடுத்துவிட்டு ஓடியிருந்தான். "அலமாக், எவன் செஞ்ச வேலை இது?" என்று பாய் கத்தினார். நான் பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். பச்சை ஸ்டிக்கர் ஒரு மூலைகூடப் பிரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் மேலே சுவிட்ச் அடைத்திருந்தது.

கேமராவில் யார் என்று பார்ப்பதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மத்தியானத்துக்குள் ஏஜென்சி சூப்பர்வைசர் வந்துவிட்டான். கூட்ட அறையில் மேலாளர், சூப்பர்வைசர், பாய், குறிப்பு எழுத நான். அக்கா கதவோரமாக நின்றார். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. அந்த அறையில் உட்கார்ந்துதானே முதல் புகார்.

மேலாளர் கேமராப் படத்தைத் திரையில் போட்டார். அக்கா கெண்டினைத் துடைத்து முடிக்கிறார். விசிறிகளை அடைக்கிறார், விளக்குகளை அடைக்கிறார். வெளியே போகிறார். திரும்பி வருகிறார். ஐஸ்பெட்டிக்குப் பின்னால் குனிந்து பார்க்கிறார், சுற்றுமுற்றும் பார்க்கிறார். கைப்பேசியை எடுத்துக் காதில் வைக்கிறார். நிற்கிறார். மறுபடி காதில் வைக்கிறார். நிற்கிறார். பிறகு கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, எட்டி, அடைத்துவிட்டுப் போகிறார்.

அவர் யாரைக் கூப்பிட்டார் என்பது அந்த அறையில் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

வேலை நேரத்தில் போன் பேசிக்கொண்டு கவனமில்லாமல் செய்திருக்கிறார் என்று சூப்பர்வைசர் ஆங்கிலத்தில் சொல்லி, தன் படிவத்தில் எழுதிக்கொண்டான். அதை நான் அக்காவுக்குத் தமிழில் சொல்லவில்லை.

பாய்க்குக் கோபம் பாதி இறங்கியிருந்தது. "ஏம்மா, ஐஸ்பெட்டிய அடைச்சா மீனு என்னாகும்னு தெரியாதா? ஊட்ல ஐஸ்பெட்டி இல்லியா?" என்று கேட்டார்.

"இருக்குங்க பாய். தெரியுங்க" என்றார் அக்கா. "ஸ்டிக்கர் ஒட்டியிருந்திச்சு. அடைச்சேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. நான் ஏதாவது சொல்லப்போகிறேனா என்று காத்திருக்கிற பார்வை, அவ்வளவுதான். என்ன சொல்கிறார் என்று மேலாளர் என்னிடம் கேட்டார். ஸ்டிக்கர் இருந்ததாம், அதனால் அடைத்தாராம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு வார்த்தை தப்பில்லாத மொழிபெயர்ப்பு. ஐஸ்பெட்டிக்கெல்லாம் நீ ஒட்டியிருக்க மாட்டாய், யாராவது விளையாட்டுக்கு ஒட்டியிருப்பார்கள், ஆனால் கொஞ்சமாவது சொந்த புத்தி வேண்டாமா என்று மேலாளர் அலுத்துக்கொண்டார். நான் குறிப்பு எழுதினேன்.

ஏன் பேசவில்லை என்று பின்னால் பல தரம் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பயம் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். பயம் இல்லை. இருபது வருடக் கிராணியை ஒரு ஸ்டிக்கருக்காக யாரும் வேலையை விட்டுத் தூக்கப்போவதில்லை. அலுப்புதான். நான் வாயைத் திறந்தால் அந்தக் கூட்டம் இன்னும் ஒரு மணி நேரம் நீளும், படிவத்தைத் திருத்தவேண்டும், தலைமையகத்திலிருந்து கேட்பார்கள், அதற்கும் நான்தான் பதில் எழுதவேண்டும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒரு மனுஷியின் பிழைப்பை நாளைக்குத் தள்ளிப்போட்டேன். வெட்கமாக இருக்கிறது, எழுதும்போதும்.

மறுநாள் காலையில் சொன்னேன். ஸ்டிக்கரை ஒட்டியது நான், அடைக்கச் சொன்னதும் நான், கேட்பதற்காகக் கூப்பிட்டபோது போனை எடுக்காததும் நான் என்று மேலாளரிடம் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நேற்றே சொல்லியிருக்கலாமே என்றார். என் எதிரிலேயே ஏஜென்சிக்குப் போன் போட்டார். அவர்கள் வேறொரு பெண்ணை அனுப்பிவிட்டார்களாம், அவள் கீழே பெருக்கிக்கொண்டிருந்தாள். அக்காவை மூவாருக்குப் போகச் சொன்னார்களாம், முடியாது என்றுவிட்டாராம், கணக்கு முடித்தாகிவிட்டதாம். மேலாளர் போனை வைத்துவிட்டு, சரி, இனிமேல் பார்த்து ஒட்டு என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கும் சிரமத்துக்காகத்தான் நான் முந்தின நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பெரியவர்கள் வந்தார்கள். கெண்டினை மூன்று தரம் கழுவி எலுமிச்சை வாசனை அடித்து வைத்திருந்தோம். சுலோகத்தைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டினார்கள். என்னைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். சிரித்திருக்கிறேன், படத்தில் தெரிகிறது.

புதிதாக வந்த பெண் நாலு மணிக்கே முடித்துவிட்டு அடுத்த இடத்துக்கு வேனில் போய்விடுவாள். மாலையில் வராந்தா விளக்குகள் அப்படியே எரியும். எல்லோருக்கும் எதிரே ஸ்டிக்கர் இருக்கிறது, எல்லோருக்கும் ஆங்கிலம் படிக்கத் தெரியும், ஒருவரும் அடைப்பதில்லை. நான் ஒவ்வொரு அறையாகப் போய் அடைத்துவிட்டு வர ஆரம்பித்தேன்.

பத்து நாள் கழித்துத்தான் அக்காவின் வீட்டுக்குப் போகத் துணிந்தேன். நாலாவது மாடி. லிப்ட் ஓடவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு கதவைத் தட்டும்போது, இந்தப் படிகளை அந்த முழங்காலோடு தினமும் ஏறி இறங்கியவர் என்று நினைத்துக்கொண்டேன். விசிறி இல்லாமல் சன்னலோரம் உட்கார்ந்திருந்தவர், என்னைப் பார்த்ததும் எழுந்து போய் விசிறியைத் தட்டிவிட்டார். மைலோ கலக்கிக் கொடுத்தார். நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். மேலாளரிடம் சொல்லிவிட்டேன், ஆனால் ஒரு நாள் தாமதமாகிவிட்டது, மன்னித்துவிடுங்கள் என்றேன். சொல்லும்போது அழுதுவிட்டேன்.

"நான் அன்னிக்கே சொல்லியிருப்பேம்மா" என்றார். "சொன்னா உங்கள ஏசுவாங்களேன்னு விட்டுட்டேன். நீங்க பாவம், எந்நேரமும் வேலையா இருக்கீங்க."

மைலோவைக் குடித்தேன். பாய்க்கு வேண்டியவர் கடையில் காய்கறி நறுக்க ஆள் வேண்டுமாம், கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். பாயே அப்படிச் சொல்லியிருந்தார். பார்க்கலாம் என்றார். நின்றுகொண்டு செய்யும் வேலையா என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

கிளம்பும்போது கதவுவரை வந்தார். "இப்ப யாரும்மா எல்லாத்தையும் அடைச்சிட்டு கடைசியா போறா?"

"நான்தான்கா."

அந்தக் கூட்ட அறையில் நான் சொல்லாமல் விழுங்கிய வார்த்தை, அங்கே கேட்டவுடன் வந்தது. அக்கா தலையாட்டிக்கொண்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு படி இறங்கியிருப்பேன். பின்னாலிருந்து கூப்பிட்டார். ஏதோ மறந்துவிட்டேன்போல என்று திரும்பினேன்.

"கெண்டின் ஐஸ்பெட்டிய மட்டும் விட்டுருங்கம்மா" என்றார். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் ஒரு புகார் வந்துவிடக்கூடாதே என்ற கவலைதான் அந்த முகத்தில் இருந்தது.